பழைய வீட்டுச் சுவர், தரை: நாமே இறங்கி வேலை பார்க்கும்போது செய்யும் தவறுகள்

எங்கள் தாத்தா வீடு மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. ஒன்றரை அடி கனத்தில் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, நடுவில் முற்றம், கூடத்தில் காவித் தரை. குடியிருந்தவர்கள் காலி செய்த பிறகு நானும் சித்தப்பா மகனும் கொத்துக் கரண்டியும் பாண்டுமாக இறங்கினோம். கூலி மிச்சம் என்ற நினைப்பு. முதல் வேலையாக, கூடத்துச் சுவரின் அடிப்பக்கம் பொரிந்து உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினோம். வாட்டர்ப்ரூஃப் திரவம் வேறு கலந்தோம். புரட்டாசி வரை பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழை முடிந்து பார்த்தால், ஓதம் நாலரை அடிக்கு ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே வரிசையாக உப்பு பூத்திருந்தது.

பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விட்டுவிடும். அதனால்தான் அந்தச் சுவர்கள் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தன. சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. அடைபட்ட ஈரம், வெளியேற இடம் கிடைக்கும்வரை மேலே போகிறது. போகும்போது உப்பையும் கூட்டிப்போகிறது.

ஆக, பூச்சு உதிர்ந்தால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் காரணம் வெளியே இருந்தது. ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, மூன்று படி ஏறிப்போன வாசலுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். சாக்கடைத் தண்ணீர் சுவரை ஒட்டியே நின்றது. அதைச் சரிசெய்து, சிமெண்டை எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, அப்புறம்தான் சுண்ணாம்பு பூசினோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஒரு கோட்டுக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும் சரக்கு, அவசரப்படுத்த முடியாது. லேசாகத் தெளித்து ஈரம் காத்தால் போதும். திருமலை நாயக்கர் மகாலே செங்கல்லும் சுண்ணாம்பும்தான், 1636-ல் எழுப்பியது என்பார்கள். நம் வீட்டுச் சுவருக்கு அதுவே போதாதா?

சுட்ட சுண்ணாம்புக் கல்லை வீட்டில் நீங்களாக நீற்றாதீர்கள். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்குங்கள். அதைக் கையாளும்போதும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும்.

அடுத்தது பட்டி, அதாவது பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசுவது. பழைய வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்திருப்பார்கள். அந்த அடுக்குகள் சுவரில் ஏடு ஏடாக நிற்கும், கையால் தடவினால் மாவு ஒட்டும். அதன்மேல் பட்டியும் எமல்ஷனும் அடித்தால், அவை சுவரைப் பிடிக்காது, அந்த மாவைத்தான் பிடிக்கும். ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி கழன்று வரும். சுரண்டி எடுத்து, கழுவி, காயவிட்டு, ப்ரைமர் அடித்துவிட்டுத்தான் பட்டி. அலுப்பு பிடித்த வேலை, ஆனால் குறுக்கு வழி கிடையாது. ஓதம் ஏறும் அடிச்சுவரில் பட்டியே வேண்டாம், வெள்ளையே அடியுங்கள். சுவர் காய்ந்ததா என்று சந்தேகமாக இருந்தால், இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் ஒட்டிவையுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் இன்னும் சுவருக்குள்ளேதான் இருக்கிறது.

தரைக்கு வருகிறேன். காவித் தரையில் நாலு இடத்தில் விரிசல். கூடம் முழுக்க டைல்ஸ் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தோம். அடுத்த தெருவில் வேலை பார்த்த கொத்தனார் ஒருவர் எட்டிப் பார்த்தார். கரண்டிக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். “தம்பி, ரெண்டு இடத்துலதான் பொருமியிருக்கு. அதுக்குப் போய் முழுசையும் மூடுறீங்களே!” அவர் சொன்னது சரிதான். பொருமிய, அதாவது அடியில் பிடிப்பு விட்டுப்போன இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, காவி கலந்து பூசித் தேய்த்தோம். நிறம் ஒத்துப்போகவில்லை, ஒட்டுப் போட்டது தெரியத்தான் செய்கிறது. எனக்கு அது உறுத்தவில்லை.

பழைய தரையைப் பளபளப்பாக்குகிறேன் என்று ஆசிட் ஊற்றுவது மன்னிக்க முடியாத தவறு. காவித் தரையும் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டில் செய்தவை. ஆசிட் சிமெண்டைத் தின்றுவிடும். ஆத்தங்குடிக் கல்லில் நிறம் மேலே ஒரு மெல்லிய அடுக்குதான், போனால் போனதுதான். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் மினுங்கும்.

டைல்ஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் உயரத்தைக் கணக்குப் பாருங்கள். கலவையும் டைல்ஸ் கல்லும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறும். கதவு இடிக்கும், அடியை இழைக்க வேண்டி வரும். அதுகூடப் பரவாயில்லை. நாங்கள் முற்றத்தில் கல் பதித்தபோது, தண்ணீர் வெளியேறும் தூம்பு பாதி மூடிப்போனதைக் கவனிக்கவில்லை. முதல் மழைக்கே தண்ணீர் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. அத்தனை கல்லையும் பெயர்த்தோம். முற்றம், குளியலறை இரண்டிலும் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம் (சரிவு) வேண்டும். கல் பதிக்கும் முன்பே ஒரு வாளி தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பழைய அறைகள் சதுரமாக இருக்காது. சுவரை ஒட்டி முதல் வரிசையைத் தொடங்கினால் எதிர்ச் சுவருக்குப் போவதற்குள் கோணிக்கொள்ளும். நூல் கட்டி, மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று மூலைமட்டம் பாருங்கள். வாசலில் நின்றால் கண்ணில் படும் வரிசையை முதலில் ஒழுங்காக்குங்கள். செராமிக் கல்லைச் சிமெண்ட் கலவையில் பதிப்பதென்றால் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். விட்ரிஃபைட் கல் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. அதற்கு டைல்ஸ் பசைதான். பசையை நாலு மூலையில் உருண்டை வைக்காமல், பல் வைத்த கரண்டியால் முழுக்க இழுங்கள். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால், கட்டில் காலை வைத்த அன்றே கல் விரியும். பெட்டியில் போட்டிருக்கும் அதே பேட்ச் எண்ணில் பத்துக் கல் கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். அதே நிறம் அடுத்த வருஷம் கிடைக்காது.

சில இடங்களில் கையே வைக்கக் கூடாது. பழைய வீட்டில் கூரையைத் தாங்குவது பெரும்பாலும் சுவர்தான். அதனால் அறையைப் பெரிதாக்குகிறேன் என்று சுவரை உடைக்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். கொத்தும் முன் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். கதவு ஜன்னலின் பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய அடுக்குகளில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நனைத்துத் தேயுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் பூச்சு காயாது. அக்னி நட்சத்திர வெயிலில் பூசிய சிமெண்ட் இறுகுவதற்கு முன் காய்ந்து வெடிக்கும், ஒரு வாரம் வேளைக்கு வேளை தண்ணீர் விட வேண்டும். தை பிறந்ததும் தொடங்குவது நல்லது. மாசி வீதிப் பக்கம் வீடு என்றால், சித்திரைத் தேர் புறப்படுவதற்குள் மணலையும் இடிபாட்டையும் தெருவிலிருந்து எடுத்துவிட வேண்டும். நாங்கள் கடைசி மூட்டையை அள்ளும்போது தேரோட்டத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி.