“வயசாச்சு, அப்படித்தான்”: மூளையை மந்தமாக்கும் வீட்டுத் தவறுகள்

மூன்று வருடங்களுக்கு முன், அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் முடிவே கட்டிவிட்டோம். காலையில் சொன்ன விஷயம் மாலையில் அவருக்குத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. கல்யாண வீட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டினார். தங்கை மெமரி டானிக் வாங்கி வந்தாள். நான் என் பங்குக்கு அவர் போனில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு டாக்டர்தான், “முதல்ல காதைப் பாருங்க” என்றார். பரிசோதித்தால், இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. காலையில் நாங்கள் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. அப்புறம் எங்கே மறப்பது?

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் கிடைப்பதை எல்லாம் படித்து வருகிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் படித்ததில் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. பெரியவர்களின் நினைவாற்றலைக் காப்பாற்ற நாம் நேராக மூளைக்கே எதையாவது ஊட்டப் பார்க்கிறோம். கெடுதலோ காது, கண், ரத்தக்குழாய், மாத்திரை டப்பா, நம்முடைய பாசம் என்று சுற்றுவழியில் வருகிறது.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு வழிவகுப்பவற்றில், நம்மால் சரிசெய்யக்கூடியவை 14 என்று அது சொல்கிறது. காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தலைக்காயம், தனிமை, மனச்சோர்வு, புகை, மது, உடலுழைப்பு இல்லாமை, உடல் பருமன், காற்று மாசு, சிறுவயதில் படிப்பு கிடைக்காமல் போனது. இவை எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்களின் கணக்கு. சுடோகு போடாமல் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

“வயசாச்சு, காது அப்படித்தான்”

வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள். அதனால் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. ‘கட்டு’ என்றால் ‘தட்டு’ என்று கேட்கும். பாதி கேட்டதை வைத்து மீதியை ஊகிப்பதற்கே மூளை தன் சக்தியைச் செலவழித்தால், கேட்டதை நினைவில் பதித்துக்கொள்ள என்ன மிஞ்சும்? கொஞ்ச நாளில் மனிதருக்கு அலுத்துவிடுகிறது. பேச்சைக் குறைக்கிறார், விசேஷங்களுக்கு வர மறுக்கிறார். நாம் அதை ‘பெரியவருக்குப் பக்குவம் வந்துவிட்டது’ என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த தவறு காது மிஷின் வாங்கிய பிறகு நடப்பது. அப்பாவின் மிஷின் முதல் நான்கு மாதம் பீரோவுக்குள்தான் இருந்தது. மாட்டிய அன்றே குக்கர் விசிலும் மின்விசிறி இரைச்சலும் பாத்திரம் கழுவும் சத்தமும் மண்டைக்குள் இறங்கியதாம், கழற்றி வைத்துவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை. இத்தனை வருடம் கேட்காமல் இருந்த சத்தங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க மூளை பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அமைதியான அறையில் ஒருவரோடு பேசும்போது ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம், அதன் பிறகே சந்தை, கல்யாண மண்டபம் என்று போக வேண்டும். இதை எங்களுக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை. பரிசோதனை எதுவும் செய்யாமல் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் கருவி எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டித் தரும், அவ்வளவுதான். பெரும்பாலும் அதுவும் பீரோவுக்குத்தான் போகிறது.

மிஷின் மாட்டினால் மறதியே வராதா என்றால், அப்படி யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருடம் கவனித்த ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மற்ற உடல் உபாதைகளும் அதிகம் இருந்த பிரிவினரில், மிஷின் வைத்தவர்களுக்குச் சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 சதவீதம் குறைவாக இருந்தது. பிரஷரும் சுகரும் இல்லாத வீடு நம் தெருவில் எத்தனை?

கண்ணிலும் இதே கதைதான். “புரை நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்” என்பது தாத்தா காலத்து அறுவை முறைக்குப் பொருந்திய பேச்சு. இப்போது முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படிக்கவோ படி இறங்கவோ சிரமம் என்றால் அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம்.

“நீங்க சும்மா உட்காருங்க”

நான் செய்த தவறுகளில் பெரியது இது. அம்மா எழுபதைத் தாண்டியதும் அவரை மார்க்கெட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினோம். அன்பினால்தான். வெயில், கூட்டம், குறுக்கே வரும் பைக். போனில் பட்டனைத் தட்டினால் பத்து நிமிடத்தில் காய் வாசலுக்கு வருகிறதே!

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் அம்மா என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்று பின்னால்தான் யோசித்தேன். வீட்டில் இருக்கும் காய் எது, தீர்ந்தது எது என்ற பட்டியல் தலைக்குள் இருக்கும். போன வியாழக்கிழமை தக்காளி விலை என்ன, இன்று என்ன என்ற ஒப்பீடு. பேரம். கால் கிலோவுக்கு எவ்வளவு என்ற மனக்கணக்கு, மீதிச் சில்லறை. கீரைக்கார அம்மாவின் மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்ற விசாரிப்பு. இதற்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும், எதிரே வருபவர் யார் என்று முகத்தை அடையாளம் காண வேண்டும், பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பில் இத்தனையும் ஒன்றாகக் கிடைக்கும்? அத்தனையையும் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒரு சோபாவும் சீரியலும் கொடுத்தோம்.

பால் கணக்கு, கரன்ட் பில், பேரன் பேத்திகளின் பிறந்தநாள், உறவுக்காரர் யார் யாருக்கு எவ்வளவு மொய் எழுதினார் என்ற நோட்டு எல்லாவற்றையும் “குடுங்கம்மா, நான் பாத்துக்கிறேன்” என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டால், கடைசியில் அவர்களுக்கு நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000ல் வந்தது. உரிமம் வாங்குவதற்காக நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்பவர்கள் அவர்கள். மூளையில் இட நினைவுக்கான பகுதியின் பின்புறம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. நம் அம்மாக்களுக்கு லண்டன் தெருக்கள் தெரியாது. கடைத்தெருவின் சந்துபொந்தெல்லாம் தெரியும்.

ஓய்வு பெறுவதை ‘இனி எதுவும் செய்ய வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்வதும் இதே வகைதான். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976ல் தன் 58வது வயதில், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடுதான் அறுவை சிகிச்சை செய்துவந்தார். சரி, எல்லோரும் மருத்துவமனை கட்ட முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம், கோயில் கமிட்டியில் வரவு செலவு பார்க்கலாம், குடியிருப்போர் சங்கத்தில் சண்டை போடலாம். கடைசியில் சொன்னது மூளைக்கு ரொம்பவே நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

ஆபத்தும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஓடிபி கேட்டு ஏமாற்றும் கும்பலுக்குப் பெரியவர்கள்தான் குறி. நாங்கள் கண்டுபிடித்த வழி: அம்மாவின் சேமிப்பு தனிக் கணக்கில் இருக்கும், போனோடு இணைத்த இன்னொரு கணக்கில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் போடுவதில்லை. அதை அவரே செலவழித்து, அவரே கணக்கு எழுதுகிறார். தவறு வந்தால் வரட்டும்.

“தினமும் சுடோகு போடுறேனே”

போடுங்கள், பிடித்திருந்தால். ஆனால் சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும் என்பதைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 2,832 முதியவர்களுக்கு நினைவு, தர்க்கம், வேகம் என்று தனித்தனியாகப் பயிற்சி கொடுத்த பெரிய ஆய்வில், எதில் பயிற்சி பெற்றார்களோ அதில்தான் பரிசோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியின் நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்பது போன்ற விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற வழக்கில் 2016ல் அமெரிக்க அரசுக்கு 20 லட்சம் டாலர் கட்டியது.

பழகிப்போன வேலை மூளைக்கு வேலையே இல்லை. கொஞ்சம் தடுமாற வைக்கும் புதிய விஷயம் வேண்டும்: தெரியாத சிக்குக் கோலம், ஒரு புது ராகம், பேரனிடமிருந்து செஸ், இன்னொரு மொழி. மொழி என்றதும் ஹைதராபாத் ஆய்வு நினைவுக்கு வருகிறது. அங்கே டிமென்ஷியா நோயாளிகள் 648 பேரின் விவரங்களைப் பார்த்து 2013ல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. மொழிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இது போதாது. ஆனாலும் தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்தவர்களுக்குச் சந்தோஷமான செய்தி.

“பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரை எதுக்கு?”

மாத்திரை போடுவதால்தான் நார்மல். ரத்தக்கொதிப்பு மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுக்கிறது, அதுவும் நாற்பதுகளிலேயே ஆரம்பித்து. அதனால் இந்தப் பத்தி அம்மா அப்பாவுக்கு அல்ல, படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு. ஐம்பது வயது தாண்டிய 9,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே வைக்க முயன்ற பிரிவினருக்கு, டிமென்ஷியாவுக்கு முந்தைய லேசான நினைவுக் குறைபாடு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. யாருக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். வயதானவர்களுக்கு அளவு மிகவும் இறங்கினால் தலைசுற்றி விழுவார்கள். சர்க்கரையும் அப்படித்தான். மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஏகாதசி விரதமும் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து போகும், அது மூளைக்கு நேரடி அடி.

விழுவது என்றதும் இன்னொன்று. ஸ்கூட்டரின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வரும் பாட்டிக்கு நாம் ஹெல்மெட் மாட்டுவதில்லை. தலைக்காயமும் அந்த 14ல் ஒன்று.

நடைப்பயிற்சியைப் பற்றி ஒரே வரி: முதியவர்கள் 120 பேர் கலந்துகொண்ட ஆய்வில், ஒரு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு, நினைவுக்கான மூளைப் பகுதி சுருங்குவதற்குப் பதில் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது.

மாத்திரை டப்பாவுக்குள்

ஜிங்க்கோ என்ற மூலிகை மாத்திரை மறதிக்கு நல்லது என்று விற்கிறார்கள். 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல வருடம் சோதித்து 2008ல் வந்த முடிவு, அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்பதுதான். வல்லாரைத் துவையல் ருசியாக இருந்தால் சாப்பிடுங்கள், மருந்துச் சீட்டைக் கிழிக்க வேண்டாம்.

டப்பாவில் கவனிக்க வேண்டியவை வேறு. சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும், தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் பெரியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியவை. பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கும் தூக்க மாத்திரையும் அப்படியே. வருடக்கணக்கில் காலையில் போடும் கேஸ் மாத்திரையும், சுகருக்கான மெட்ஃபார்மினும் உடலில் பி12 வைட்டமினைக் குறைக்கலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சீக்கிரம் பார்த்தால் சரிசெய்யவும் முடியும். இந்த இரண்டையும் பார்க்காமலே ‘வயசுதான்’ என்று விட்டுவிட்டவர்களை என் உறவிலேயே பார்த்திருக்கிறேன்.

“திடீர்னு உளர்றார்”

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நடப்பது. சாவி எதற்கு என்றே தெரியாமல் நிற்பது வேறு. பல வருடம் போன வழி குழம்புவது, சொன்னதையே அரை மணியில் மூன்று தடவை சொல்வது, வழக்கமாக வைக்கும் சாம்பாரின் வரிசையே மறப்பது எல்லாம் மாதக்கணக்கில் மெல்ல வந்தால் நரம்பியல் நிபுணரிடமோ முதியோர் மருத்துவரிடமோ காட்ட வேண்டும்.

ஒரே நாளில், இரண்டு நாளில் பேச்சு மாறினால் காத்திருக்கவே கூடாது. உடலில் சோடியம் குறைவது, சிறுநீரில் கிருமித் தொற்று, சர்க்கரை தாழ்வது, விழுந்து தலையில் பட்டது, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். முன்னால் சொன்ன காரணங்களில் பலவற்றுக்கு உடனே போனால் மனிதர் பழையபடி திரும்பி வந்துவிடுவார். அப்படிப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், டானிக், சூரணம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது உட்பட, ஒரு மஞ்சள் பையில் அப்படியே கொட்டி எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணாடியும் காது மிஷினும் பீரோவில் இருந்தால் அவற்றையும்.