தீப்பாறையா? முதலில் படிகம், அப்புறம் நிறம்

கையில் இருப்பது தீப்பாறைதான் (உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகிய பாறை) என்று தெரிந்துவிட்டால், நிறத்தைப் பார்க்கும் முன் படிகங்களின் அளவைப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த மேற்பரப்பு ஏமாற்றும். புதிதாக உடைந்த முகம்தான் வேண்டும். (உடைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.)

படிகங்கள் வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிந்தால், பாறைக்குழம்பு பூமிக்கடியில் மெதுவாக ஆறியிருக்கிறது. தெரியவில்லையென்றால் மேற்பரப்பிலோ அதற்கு அருகிலோ வேகமாக ஆறியது. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்மணிகளுக்கு நடுவே பெரிய படிகங்கள் சிதறிக் கிடந்தால் இரண்டும் நடந்திருக்கிறது: முதலில் மெதுவாக, பிறகு சட்டென்று.

சரி, இப்போது நிறம். வெளிர் நிறமென்றால் பெரும்பாலும் சிலிக்கா அதிகம், கருமையென்றால் இரும்பும் மக்னீசியமும் அதிகம். வெளிர் நிறத்தோடு பெரிய படிகங்களும் இருந்தால் கிரானைட். அதே கலவை நுண்மணியாக இருந்தால் ரயோலைட். கருமைப் பக்கம் இதே ஜோடி காப்ரோவும் பசால்ட்டும். இடையில் டயோரைட், ஆண்டிசைட்.

குவார்ட்ஸ் (சிலிக்காவால் ஆன கனிமம்) இருக்கிறதா என்பதுதான் பலரும் தடுமாறும் இடம். கல்லை வெளிச்சத்தில் மெல்லத் திருப்புங்கள். தட்டையான முகம் பளிச்சென்று மின்னி மறைந்தால் அது ஃபெல்ஸ்பார் என்ற வேறொரு கனிமம். குவார்ட்ஸுக்குத் தட்டையாகப் பிளக்கும் குணம் இல்லை. சாம்பல் நிறத்தில், ஒழுங்கற்ற கண்ணாடிச் சில்லு போல இருக்கும். அது தாராளமாகக் கண்ணில் பட்டால் காப்ரோவை மறந்துவிடலாம்.

நிறத்தை நம்பக்கூடாத கல் ஒன்று உண்டு: ஒப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி. பார்க்கக் கருப்பாக இருந்தாலும் அதன் கலவை பொதுவாக ரயோலைட்டுடையதே.