மஞ்சளடித்துப் போன ஹெட்லைட்

என் கார் ஹெட்லைட் இரண்டும் மஞ்சளடித்து, ராத்திரியில் வெளிச்சமே சரியாக விழவில்லை. முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தேன், பளிச்சென்றுதான் ஆனது, ஒரே மாதத்தில் பழையபடி. ஹெட்லைட்டின் முன்மூடியான லென்ஸ் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். மேலே இருக்கும் புற ஊதாத் தடுப்புப் பூச்சு வெயிலில் கெட்டுப்போனால் பிளாஸ்டிக்கே மங்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. சரி என்று சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, 800, 1500, 2000, 3000 என (எண் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும்) வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளால், தண்ணீர் விட்டுக்கொண்டே வரிசையாகத் தேய்த்தேன். 800-இல் லென்ஸ் பால் மாதிரி வெளுத்ததும் வயிறு கலங்கியது, ஆனால் அப்படித்தான் ஆகும். வழியும் தண்ணீரில் மஞ்சள் வருவது நிற்கும்வரை அடுத்த பேப்பருக்குத் தாவக் கூடாது. பிறகு பாலிஷ். கடைசியாகப் புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு, பற்பசை வைத்தியத்தில் நான் விட்டது இதைத்தான். மங்கல் லென்ஸின் உள்பக்கம் இருந்தால் இதெல்லாம் உதவாது.