மறைந்துபோன மாலைப் படங்கள்

பினாங்கு லெபோ பசாரில் மாமா நடத்தும் பூக்கடைக்காக, மாலை வகைகளைப் படத்துடன் காட்டும் செயலி ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில், சாளரங்களை அமைக்க உதவும் டிகிண்டர் நூலகத்தைக் கொண்டு எழுதினேன். டிகிண்டருக்கு அடிப்படையான டிகே 8.6, பிஎன்ஜி வகைப் படங்களைத் தானே படித்துவிடும். மாமாவின் கைப்பேசிப் படங்கள் ஜேபெக் வகை என்பதால், அதையும் படிக்கும் பில்லோ நூலகத்தைச் சேர்த்தேன்.

சாளரம் திறந்தது, படத்திற்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது, பிழைச்செய்தியும் வரவில்லை. கோப்பின் பாதையைச் சந்தேகித்தே இரண்டு இரவுகள் கழிந்தன. உண்மையில், படத்தைத் தாங்கும் ஃபோட்டோஇமேஜ் பொருளை ஒரு செயற்கூறின் (function) உள்ளே மட்டும் வாழும் உள்ளூர் மாறியில் வைத்திருந்ததால், அச்செயற்கூறு முடிந்தவுடன் பைத்தான் அதை நினைவகத்திலிருந்து நீக்கிவிட்டது. சாளரத்தில் படத்தைக் காட்டும் உறுப்பான லேபிள், படத்தின் பெயரை மட்டுமே அறியுமே தவிர, அப்பொருளைப் பிடித்து வைத்திருப்பதில்லை. இதை ஒரு பிழைச்செய்தியாவது சொல்லியிருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன். லேபிளிலேயே ஒரு பண்பை உருவாக்கி, படத்தை அதில் சேமிக்கும் ஒரே வரியைச் சேர்த்ததும் மாலைகள் தோன்றின. பெரிய படங்களை, விகிதம் மாறாமல் சுருக்கும் தம்ப்நெயில் முறையால் 300 புள்ளிகளுக்குள் அடக்கினேன்.