மட்டக்களப்பில் நாலு நாள்: சொந்தங்களுக்கு நடுவே ஓய்வெடுக்கும் வழி

எங்களுக்குக் கலியாணம் பேசின காலத்தில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்த இவருடைய மாமி ஒருவர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, மட்டக்களப்பார் பாயோடை ஒட்டவைச்சிடுவினம், கவனம்" என்று சொல்லி அனுப்பினாவாம். வந்த ஆம்பிளையை ஊரோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்ற பழைய பேச்சு அது. 27 வருடம் ஆகிறது. பாயோடு யாரும் ஒட்டவைக்கவில்லை. சாப்பாட்டு மேசையோடுதான் ஒட்டவைக்கிறார்கள். வருடத்தில் ஒரு தடவை கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓய்வெடுக்கவென்று ஊருக்குப் போவோம். திரும்பி வந்து, அந்த ஓய்வின் களைப்பு ஆற இன்னும் இரண்டு நாள் லீவு போடுவோம். பிள்ளைகள் வளர்ந்து நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் போகத் தொடங்கின பிறகுதான் ஒரு முறை பிடிபட்டது. மட்டக்களப்பில் சொந்தம் இருக்கிற சோடிகளுக்காக அதை எழுதுகிறேன். சொந்தம் இல்லாதவர்களுக்குக் கஷ்டமே இல்லை, அறை எடுத்துப் படுக்கலாம்.

காலம் முதலில். கார்த்திகையிலிருந்து தை நடுப்பகுதி வரை வேண்டாம். வாடை மழைக்கு ஊர் ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும். பத்து மணிக்கு மேல் வெளியே நின்றால் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும். மாசி, பங்குனிதான் எங்கள் தெரிவு. வைகாசியில் ஒரு வசதி உண்டு. கண்ணகை அம்மன் கோவில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கிற மாதம் அது. சடங்கு முடிகிற குளிர்த்தி அன்று இரவு கோவில் வீதியில் ஒரு மணித்தியாலம் நின்றால், வீடு வீடாக ஏறாமலே முக்கால்வாசிச் சொந்தத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் அந்த நாட்களில் நண்டையும் இறாலையும் கனவில்தான் காணலாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோவில் தீர்த்தம். அந்தக் கிழமை பக்தியோடு மட்டும் வாருங்கள், ஓய்வை எதிர்பார்க்காதீர்கள்.

கிழமையும் முக்கியம். நாங்கள் புதன்கிழமை காலை கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் உதயதேவி ரயில் ஏறுவோம், ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலில் திரும்புவோம். போகும்போது பகல் ரயில்தான் வேண்டும். பொலன்னறுவை கழிந்து, புணானைக் காட்டைத் தாண்டி, வாழைச்சேனையில் உப்புக்காற்று யன்னலுக்குள் வரும்போதுதான் எனக்கு லீவு தொடங்கும். எட்டொன்பது மணித்தியாலம் இருந்தபடி இருக்கவேண்டும், இடுப்புக்கு ஒரு தலையணை கொண்டுபோங்கள். ஏன் புதன் என்றால், எங்கள் வீட்டில் செவ்வாய் வெள்ளியில் துக்கம் விசாரிக்கப் போவதில்லை. வியாழன் காலை அந்த வேலைக்குச் சரியாக அமையும்.

துக்க வீட்டுக்குத்தான் முதலில் போகவேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் யாருடைய வீட்டில் சாவு நடந்ததோ, அங்கே போகாமல் நீங்கள் கடற்கரையில் நிற்பதை ஒருவர் கண்டால் போதும், பத்து வருடத்துக்குப் பேச்சு. தின்பண்டம் கொண்டுபோகாமல், அரை மணித்தியாலம் இருந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, "போயிற்று வாறம்" என்று சொல்லாமல் எழும்பி வந்துவிடுங்கள். பிறகு பிள்ளை பிறந்த வீடு. அதற்குப் பிறகு நீங்கள் வராமல் விட்ட கலியாண வீடுகள்; அங்கே போகும்போது என்வலப் கையில் இருக்கட்டும்.

எங்கே தங்குவது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். எங்கள் பக்கம் குடி என்கிற குலமும் வீடும் தாய் வழி. மகள் கலியாணம் கட்டினால் வீடு மகளுக்கு. அடுத்த மகளுக்கு அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும். கல்லடி உப்போடையில் எங்கள் வளவுக்குள் அக்கா வீடு, சின்னம்மா வீடு, எனக்குத் தந்த வீடு என்று மூன்று. என்னுடையதில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். ஆக, ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீட்டுக்கும் போயே ஆகவேண்டும், நடுவில் வேலிகூட இல்லை. ஒரு வருடம் நான் புத்திசாலித்தனமாக நேரே விடுதியில் பெட்டியை இறக்கிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீரைச் சோசரோடு கொண்டுவந்து வைத்தா. சொந்தத் தங்கச்சிக்குச் சோசர்! இவருக்கு விளங்கவில்லை, "நல்ல மரியாதை" என்றார். எனக்கு விளங்கிற்று.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். புதனும் வியாழனும் அக்கா வீட்டுப் படுக்கை. வெள்ளி காலை, "இவருக்கு ஆத்தோரமாக இரண்டு நாள் இருக்க ஆசையாம்" என்று பழியை அவர் தலையில் போட்டுவிட்டு, வாவிக்கரையில் ஒரு சின்ன விடுதிக்கு மாறுவோம். முதலில் வீட்டில் தங்கிவிட்டுப் பிறகு விடுதிக்குப் போனால் அதை ஆசை என்பார்கள். முதலிலேயே விடுதிக்குப் போனால் கௌரவம் என்பார்கள். இரண்டுக்கும் செலவு ஒன்றுதான். விடுதி எடுக்கும்போது, வாவிப் பக்கம் யன்னல் உள்ள அறையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு தடவை எங்களுக்குக் கிடைத்த அறையின் யன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர்.

சாப்பாட்டுக் கணக்கு இதைவிடச் சிக்கல். வீடுகளைச் சோத்து வீடு, தேத்தண்ணீர் வீடு என்று ரயிலிலேயே பிரித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சோத்து வீடு, இரண்டு தேத்தண்ணீர் வீடு. அதற்கு மேல் உடம்பு தாங்காது. நாலு வருடத்துக்கு முன் அக்கா வீட்டில் மத்தியானம் நண்டுக் கறியோடு சாப்பிட்டு, கை காயும் முன்னம் வளவுக்குள்ளாலே சின்னம்மா வீட்டுக்கு "சும்மா பார்த்திட்டு வருவம்" என்று போனோம். மேசையில் கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தன. ஆத்து இறால் பொரியல், முருங்கை இலைச் சுண்டல், பால் ஆணம். "மருமகன் வாறாரெண்டுதானே காலையில இறால்காரனை மறிச்சு வச்சனான்" என்று சின்னம்மா சொன்னா. இவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். "ஒள்ளுப்பம் போடுங்க மாமி" என்று, கொஞ்சம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லைத் தெரியாத்தனமாக எடுத்துவிட்டார். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த சந்தோசத்தில் சின்னம்மா இன்னும் இரண்டு அகப்பை போட்டா. பின்நேரம் முழுக்க மனிசன் வேப்பமரத்தின் கீழ் சாய்மனைக் கதிரையில், இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டுக் கிடந்தார். ஆகவே சோத்து வீட்டுக்கு முதல் நாளே சொல்லுங்கள். தேத்தண்ணீர் வீட்டுக்குச் சொல்லாமல், பின்நேரம் நாலரைக்குப் போங்கள். மத்தியானம் பதினொன்றிலிருந்து மூன்று வரை எந்தப் படலையையும் தொடாதீர்கள்.

கொண்டுபோகிற சாமானில் கொழும்புக் கேக்குக்கு மதிப்பில்லை. இவர் கொக்குவிலிலிருந்து எடுப்பிக்கிற பனங்கட்டிக் குட்டானுக்குத்தான் மூன்று வீட்டிலும் போட்டி. எண்ணி, ஒரே அளவாகக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளில் மரக்கறி. அதனால் அன்றைக்கு ஊர் சுற்றுவோம். நகரின் நடுவான புளியந்தீவை நடந்தே பார்க்கலாம், ஆனால் காலை ஏழு மணிக்கு இறங்கவேண்டும். காந்தி பூங்காப் பக்கம் தொடங்குங்கள். வாவிக்கரையில் மட்டக்களப்பு வாசல், பக்கத்தில் 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட்டின் சிலை. அந்த வருடம் தொடங்கினதுதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. அப்படியே கோட்டைக்கு நடக்கலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டினது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கோ அது அப்பா காணி உறுதிக்கு அலைந்த அரசாங்கக் கச்சேரி. சின்ன வயதில் அந்தத் தடித்த மதிலுக்குள் வரிசையில் நின்றதுதான் ஞாபகம், மேலே ஏறி வாவியைப் பார்த்ததில்லை. கலியாணத்துக்குப் பிறகு இவர்தான் ஏற்றிக் காட்டினார். மரியாள் பேராலயத்தையும் பார்த்துக்கொண்டு பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். படுத்து எழும்பி, வெயில் தாழ அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர். அங்கே குளக்கரைப் படியில் சும்மா இருப்பதே போதும். இன்னும் நேரம் இருந்தால் முகத்துவாரம், 1913இல் கட்டின வெளிச்சவீடு. அங்கே கண்டல் காட்டுக்குள் படகில் கூட்டிப்போவார்கள். ஏறமுன் விலை பேசுங்கள்.

சனிக்கிழமைதான் எனக்குப் பிடித்த நாள். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற கரையும் படுகிற கரையும். வேறு விளக்கம் வேண்டாம். முன்பெல்லாம் மண்முனையில் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்துக்கிடந்து கடப்போம். 2014இல் பாலம் வந்தது. ஓட்டோ ஒன்றை அரை நாளுக்குப் பேசிக்கொண்டு பாலத்தால் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரருக்குப் போங்கள். பறங்கியர் கோவிலை உடைக்க வந்தபோது கல் நந்தி எழும்பிப் புல் தின்று சாணம் போட்டதாம். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது சாணத்தைத்தான் அழுத்திச் சொல்லுவா. புல்லைக் கண்கட்டு வித்தை என்று சொல்லலாம், சாணத்தை எப்படி மறுப்பது? வழியில் வயலும் எருமையும் தெரியும். எருமையைக் கண்டால் தயிர் ஞாபகம் வரவேண்டும், ஆனால் இன்றைக்கு வாங்காதீர்கள்.

சனி மத்தியானம் சின்னம்மா வீட்டு நண்டு. பின்நேரம் கல்லடிக் கடற்கரை. 2004 சுனாமியில் சரிந்த கோபுரத்தோடு திருச்செந்தூர் முருகன் கோவில் அங்கே நிற்கிறது. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் இரண்டு பேரை அந்தக் காலை கொண்டுபோயிற்று. அந்தக் கோபுரத்துக்கு முன்னால் நின்று இவர் செல்பி எடுக்கக் கேட்டால் நான் விடமாட்டேன். திரும்பும் வழியில் சிவானந்தா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விபுலானந்த அடிகளின் சமாதி. சத்தமில்லாத இடம், கால் ஆற இருக்கலாம்.

வெளியில் சாப்பிட ஒரு இரவு வைத்துக்கொள்ளுங்கள், சனி இரவே நல்லது. பத்து நிமிட ஓட்டோவில் காத்தான்குடி. நடுவீதி நெடுக ஈச்சமரம். மாட்டுக் கொத்தும் வட்டிலப்பமும் அங்கேதான் சாப்பிடவேண்டும். வெள்ளி மத்தியானம் ஜும்ஆவுக்குக் கடைகள் சாத்தியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு தேடாதீர்கள். எங்களுக்கு இந்த ஒரு சாப்பாட்டில்தான் நாலு நாளிலும் யாரும் கோப்பையில் திரும்பப் போடாமல், எதிரெதிரே இருந்து, எங்கள் கதையைக் கதைத்துச் சாப்பிட முடியும். பாசிக்குடா கேட்பீர்கள். 35 கிலோமீற்றர். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம், நல்ல இடம்தான். அதற்கு அரை நாள் போய்விடும் என்பதால் நாங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் போகிறோம்.

வாவிக்குள்ளிருந்து கேட்கிற மீன் பாட்டுக்கு முழுநிலவு வேண்டும். போயா நாள் பார்த்து வந்தால் ரயிலில் இடம் முன்கூட்டியே பிடிக்கவேண்டும். 2013இல் திறந்த புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் பழைய இரும்புப் பாலம் இருக்கிறது, மானிங் தேசாதிபதியின் மனைவி பெயரில் கட்டினது. சாமத்தில் அதன் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைக்கவேண்டும். எனக்கு 12 வயதில் அப்பா ஒரு தடவை கேட்கவைத்தார். தண்ணீர் கொதிக்கமுன் கேத்தல் மூடி அதிருமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய நடுக்கம், நின்று நின்று. இவரை மூன்று தடவை கூட்டிப்போயிருக்கிறேன். புதுப் பாலத்தில் போகிற மோட்டார் சைக்கிள் கேட்கிறது என்கிறார். போக்குவரத்து ஓய்ந்த பிறகு போங்கள்.

ஞாயிறு காலை ஒன்றும் செய்யாதீர்கள். வாவியில் வீச்சுவலைக்காரரைப் பார்த்துக்கொண்டு பிட்டும் வாழைப்பழமும் சாப்பிடுங்கள். பின்நேரம்தான் தயிர். மூடின கடதாசியைத் தூக்கிச் சட்டியைச் சரித்துப் பாருங்கள்: ஆடை அசையாமல், ஓரத்தில் தண்ணீர் விடாமல் நிற்கவேண்டும். புதுச் சட்டி கசியும், ஆகவே பத்திரிகைத் தாள் நாலு மடிப்பாகச் சுற்றி, கயிறு கட்டி, ரயிலில் காலடியில் வையுங்கள். மேல்தட்டில் வைத்து, மாகோ வருமுன் முன்சீட்டு ஐயாவின் தோளில் நாங்கள் தயிர் வார்த்திருக்கிறோம்.

கடைசியாகப் பயணம் சொல்லுகிற வேலை. மூன்று வீடும் சேர்ந்து படலைவரை வரும், படலையில் இன்னும் அரை மணித்தியாலம். ரயில் நேரத்தை ஒரு மணித்தியாலம் குறைத்துச் சொல்லிவையுங்கள். எங்கள் சின்னம்மாவிடம் மட்டும் அது பலிக்காது. எந்த ரயில் எத்தனை மணிக்கு என்பது அவவுக்குப் பாடம். "இன்னும் நேரம் கிடக்கு, இருங்க மனே" என்று இவரைப் பிடித்து இருத்திவிட்டு, இடியப்பப் பார்சல் கட்ட உள்ளே போய்விடுவா.