பி.ஜி. (முதுநிலைப் படிப்பு) மருத்துவர்களை மேற்பார்வையிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏதாவதுன்னா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதுதான் முதல் தவறு. எது அந்த 'ஏதாவது' என்று முதலாண்டு பி.ஜி.க்குத் தெரியாது. சிஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் மேல் அளவு) 90க்குக் கீழே இறங்கினால், நினைவு மங்கினால், பாம்புக்கடி என்று சந்தேகம் வந்தாலே, ஒரு புரொசீஜர் இரண்டு முறை தவறினால், உறவினர் 'கூட்டிட்டுப் போறோம்' என்றால் கூப்பிட வேண்டும் என்று எழுதி டியூட்டி ரூமில் ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டவரிடம் ஒருமுறை எரிந்து விழுந்தால் போதும், மறுபடி கூப்பிட மாட்டார்.

அடுத்தது, கூட நின்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவது. காட்பாடி, குடியாத்தம், சித்தூர் பக்கத்திலிருந்து வரும் பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். விஷத்தால் ரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்கும் 20 நிமிட ரத்த உறைதல் பரிசோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் டியூப் கண்ணாடியா, காய்ந்திருக்கிறதா, சோப்பு போட்டுக் கழுவியதா என்று யார் பார்க்கிறார்கள்? பிளாஸ்டிக்கிலும் சோப்பு ஒட்டிய கண்ணாடியிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கும். தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறிவிடும். 2 மி.லி. ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை சாய்க்க வேண்டும். விஷமுறிவு மருந்து கொடுத்தால் 6 மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன் கடியிலோ ரத்தம் ஒழுங்காகவே உறையும். வீக்கமும் இருக்காது, தூக்கத்தில் கடிபட்டவர் வயிற்று வலி என்று மட்டும் சொல்வார். இமை தொங்குகிறதா, தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்க்கும் பழக்கம் படுக்கையருகே நீங்கள் செய்து காட்டினால்தான் வரும்.

ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் திட்டுவது பாடம் ஆகாது. 'உன் டயக்னோசிஸ் என்ன, எதை வைத்துச் சொல்கிறாய்' என்று முதலில் கேளுங்கள். பிறகு சரியாகச் செய்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று, இரண்டையும் சொல்லுங்கள். 'இன்னும் படி' என்றால் அவருக்கு எதுவும் விளங்காது.

தெலுங்கு மட்டுமே தெரிந்த நோயாளியிடம் அட்டெண்டரை விட்டு சிகிச்சைக்கான சம்மதம் வாங்க விடாதீர்கள். மொழி தெரிந்த டாக்டரோ நர்ஸோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

பி.ஜி. செய்த புரொசீஜர்களைப் பதியும் லாக்புக்கைப் பரீட்சைக்கு முந்தின வாரம் மொத்தமாகக் கையெழுத்திட்டால், ஒரு சென்ட்ரல் லைன்கூட (பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய்) தனியாகப் போடாதவர் கடைசி ஆண்டுக்குப் போயிருப்பதே தெரியாது. மாதாமாதம் பார்த்து, 'பார்த்தார், உதவினார், தனியாகச் செய்தார்' எனப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பயிற்சிக்காக மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கும் மூன்று மாதமும் அவர் உங்கள் பி.ஜி.தான். தீசிஸுக்கு (ஆய்வுக் கட்டுரைக்கு) மட்டும் போன் செய்யாமல், அங்கே கஷ்டமான கேஸ் வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று வாரம் ஒருமுறை கேளுங்கள்.