மூளை ஸ்கேன் ட்ரேசருக்குக் காப்புரிமை: திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகள்

மூளைக்கான பெட் ட்ரேசர் (ஊசியில் ஏற்றினால் பெட் ஸ்கேனில் ஒளிரும் கதிரியக்கப் பொருள்) ஒன்றை உருவாக்கிவிட்டு, அதற்குக் காப்புரிமை விண்ணப்பமும் எழுதி, "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்" என்று அனுப்புகிறார்கள் புதிதாக இந்தத் துறைக்கு வந்தவர்கள். வேதியியலில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில்தான் வரிசையாக விழுகிறார்கள். கட்டுரையை வெளியிட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது, 12 மாத முன்னுரிமைக் கெடுவைக் கோட்டைவிடுவது, இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. எந்தக் காப்புரிமை வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ட்ரேசருக்கே உரிய தவறுகள் மட்டும் இங்கே.

மாத்திரை போல நினைப்பது

மாத்திரை என்றால் ஒரே தொழிற்சாலையில் செய்து, பெட்டியில் அடைத்து, வருடக்கணக்கில் அலமாரியில் வைக்கலாம். ட்ரேசரில் கதிரியக்கத்தைத் தரும் ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) சுமார் 110 நிமிடம், கார்பன்-11-க்கு 20 நிமிடம்தான். காலையில் செய்த சரக்கு ராத்திரிக்குள் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். உடம்பில் ஏற்றுவதும் மைக்ரோகிராம் கணக்கில்தான், அது எதையும் குணப்படுத்தப் போவதும் இல்லை. ஆகவே மருந்து விண்ணப்பங்களில் பார்த்துப் பழகிய தரவுகளை அப்படியே இங்கே கொண்டுவந்து கொட்டினால் பிரயோஜனம் இல்லை. இரத்த-மூளைத் தடையைத் தாண்டி எவ்வளவு உள்ளே போனது, பிணைந்தது போக மிச்சம் எவ்வளவு சீக்கிரம் மூளையை விட்டு வெளியேறியது, வழியில் ஃப்ளோரின் கழன்றுவிட்டதா, இவைதான் கேள்விகள். ஒரு வரைவில் எலியின் தலைப்படம் ஒன்று இருந்தது, கீழே "மூளையில் சிறந்த உட்கிரகிப்பு" என்று குறிப்பு. படத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது மண்டை ஓடு. மூலக்கூறிலிருந்து கழன்ற ஃப்ளோரைடு எலும்பில் போய்ப் படிந்திருக்கிறது. எதிராளி தேடி எடுக்க வேண்டிய சாட்சியை நாமே அச்சடித்துக் கொடுக்கலாமா?

ப்ரிகர்சரைக் கோராமல் விடுவது

ப்ரிகர்சர் என்பது கதிரியக்க அணுவை ஏற்றுவதற்கு முந்தைய பொருள். அதைக் கோராமல் விடுவதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புவது. விண்ணப்பம் எழுதும்போது ஒரு மத்தியான வேலை. அப்போது விட்டுவிட்டால் கையில் இருக்கும் காப்புரிமை பாதிக்குமேல் அலங்காரம்தான்.

ஒரு குழு, பெயர் வேண்டாம், கிடைத்துவிட்ட காப்புரிமையோடு என்னிடம் வந்தது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தோடு பிணையும் அழகான மூலக்கூறு. கிளெய்ம்கள் (எதற்கெல்லாம் உரிமை என்று சொல்லும் வரிகள்) எல்லாமே ஃப்ளோரின்-18 ஏறிய இறுதிப் பொருளைப் பற்றியவை, கூடவே ஊசிக் கரைசல், படமெடுக்கும் முறை என்று சில. செய்முறைப் பகுதியில் "இடைப்பொருள் 7" என்று ஒன்று இருந்தது. ஃப்ளோரின் வர வேண்டிய இடத்தில், அது வந்ததும் விலகிக்கொள்ளும் டோசிலேட், நைட்ரஜன் மேல் அதை வினையிலிருந்து காக்கும் போக் (Boc) தொகுதி. அதில் சில மில்லிகிராமை டைமெத்தில் சல்பாக்சைடில் கரைத்து, உலர்த்திய ஃப்ளோரைடோடு சேர்த்துச் சூடாக்கி, அமிலம் விட்டுக் காப்பை நீக்கி, சுத்தம் செய்தால் ட்ரேசர் தயார். அந்த 7-ஐப் பற்றி ஒரு கிளெய்ம்கூட இல்லை. ஏன் என்று கேட்டால், "அது வெறும் இடைப்பொருள்தானே சார்" என்று பதில். அந்த வெறும் இடைப்பொருளைத்தான் ஒரு ரசாயன வியாபாரி சின்னக் குப்பிகளில் அடைத்து நாடு நாடாக அனுப்பிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துத்தான் அவர்கள் என்னிடம் ஓடி வந்ததே.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ட்ரேசரை மாதக்கணக்கில் கிடங்கில் வைக்கவோ கப்பலில் ஏற்றவோ முடியாது, சில மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்துக்குள் சைக்ளோட்ரான் (கதிரியக்க அணுக்களைச் செய்யும் கருவி) வைத்திருப்பவர்கள்தான் அன்றன்றைக்குச் செய்துகொள்கிறார்கள். கெடாமல் இருப்பதும், எல்லை தாண்டிப் போவதும், விலை போட்டு விற்கப்படுவதும் ப்ரிகர்சர் மட்டுமே. அயோடின்-123 கொஞ்சம் பரவாயில்லை, அரை ஆயுள் 13 மணி நேரம் என்பதால் மையமாக ஓரிடத்தில் செய்து அனுப்ப முடிகிறது. டோபமைன் கடத்தியைப் படமெடுக்கும் ஐயோஃப்ளூபேன் அப்படித்தான் போகிறது. ஃப்ளோரின்-18-இல் அந்த அளவுக்கு வசதி கிடையாது.

ஆக, ட்ரேசரை மட்டும் கோரியிருந்தால் உங்கள் காப்புரிமையை நேரடியாக மீறுபவர் யார்? மருத்துவமனையும் அதன் சைக்ளோட்ரான் மையமும். அதாவது நாளைக்கு உங்கள் சோதனைகளுக்கு நோயாளிகளைச் சேர்த்துத் தர வேண்டியவர்கள். அவர்கள் மேல் வழக்குப் போடப் போகிறீர்களா? போட்டாலும் அவர்கள் கையில் பதில் இருக்கிறது. மருத்துவரின் சீட்டின்படி ஒரு தனி நோயாளிக்கு மருந்தகத்தில் அவ்வப்போது தயாரிப்பது மீறலாகாது என்று பிரிட்டன் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளின் சட்டம் சொல்கிறது. அந்த விலக்கு தங்களுக்கும் உண்டு என்று அவர்கள் வாதாடிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஒப்புதல் விண்ணப்பத்துக்கான தரவு திரட்டத்தான் செய்தோம் என்று காட்டினால் அதற்கும் பாதுகாப்பு இருக்கிறது.

சரி, குப்பி விற்கும் வியாபாரியைப் பிடிக்கலாமே என்றால், அங்கே மறைமுக மீறல், அதாவது மீறுபவருக்குப் பொருள் கொடுத்து உதவினார் என்ற வழியில்தான் போக வேண்டும். அந்தப் பொருள் எதற்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரியும் என நிரூபிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பொருளைக் கொடுப்பது, அதைக் கொண்டு கண்டுபிடிப்பைச் செயல்படுத்துவது இரண்டும் அந்த நாட்டுக்குள்ளேயே நடந்திருக்கவும் வேண்டும். ஜெர்மனியில் செய்து, உங்களுக்குக் காப்புரிமை இல்லாத நாட்டுக்கு அனுப்பினால் அந்தச் சட்டம் அவரைத் தொடாது. ப்ரிகர்சரையே கோரியிருந்தால் இத்தனை தலைவலியும் இல்லை, அந்தக் குப்பியை ஜெர்மனியில் செய்ததே நேரடி மீறல், அது எங்கே போகிறது என்று கேட்கவே வேண்டாம்.

"விளக்கத்தில்தான் எழுதியிருக்கிறதே, இப்போது சேர்த்துக்கொள்ளலாமே" என்று அந்தக் குழு கேட்டது, எல்லாரும் கேட்பதும் இதைத்தான். விண்ணப்பமோ அதிலிருந்து பிரித்துப் போட்ட பிரிவு விண்ணப்பமோ நிலுவையில் இருக்கும்வரை சேர்க்கலாம். அவர்களுடையது எல்லாம் முடிந்து மூடிவிட்டது. அமெரிக்காவில் கிளெய்மை விரிவாக்கி மறுவெளியீடு (திருத்திய காப்புரிமை) கேட்க, காப்புரிமை கிடைத்ததிலிருந்து இரண்டு வருடம் உண்டு, அதுவும் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு, விளக்கத்தில் வெளிப்படுத்திவிட்டுக் கோராமல் விட்டதைப் பொதுமக்களுக்கே கொடுத்துவிட்டதாகக் கொள்ள வேண்டும், கோரியதற்குச் சமானம் என்று சொல்லி அதை அப்புறம் இழுத்துக்கொள்ள முடியாது என்று அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது. ப்ரிகர்சருக்கென்று புது விண்ணப்பம் போடலாம் என்றால், அவர்களுடைய பழைய காப்புரிமையே முன்னறிவாக (ஏற்கெனவே வெளியான தகவலாக) குறுக்கே வந்து நிற்கிறது.

ப்ரிகர்சரைக் கோரும்போதும் கையில் இருக்கும் டோசிலேட்டோடு நின்றுவிடாதீர்கள். மீசிலேட், நோசிலேட், புரோமைடு, நைட்ரோ, ட்ரைமெத்தில் அம்மோனியம், வளையத்தில் ஏற்றுவதாக இருந்தால் போரோனிக் எஸ்டர், ஸ்டான்னேன் என்று எதிராளி மாற்றிப் போடக்கூடிய எல்லாவற்றையும் ஒரு பொது வாய்பாட்டில் அடக்குங்கள், அவற்றில் இரண்டு மூன்றையாவது நிஜமாகவே செய்தும் காட்டுங்கள். பெட் ஸ்கேனில் பரவலாகப் பயன்படும் குளுக்கோஸ் ட்ரேசரான எஃப்டிஜி-யின் கதையே போதும். 1976-இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் முதன்முதலாக ஃப்ளோரின்-18 எஃப்டிஜி செய்தபோது ஃப்ளோரின் வாயுவைக் குளுகால் என்ற ப்ரிகர்சர் ஒன்றின் மேல் செலுத்தினார்கள். 1986-இல் ஜெர்மனியின் யூலிஷில் மேனோஸ் ட்ரிஃப்ளேட் என்ற வேறு ப்ரிகர்சர் வழி வந்தது, இறுதிப் பொருள் அதேதான், ஆனால் விளைச்சல் எவ்வளவோ அதிகம், உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது. நீங்கள் எழுதும் ப்ரிகர்சருக்கும் இது நடக்கலாம். வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

"புது மூலக்கூறு" என்று நம்பிவிடுவது

இயற்கையில் கிடைக்கும் ஃப்ளோரின் எல்லாமே ஃப்ளோரின்-19. உங்கள் ட்ரேசரின் கதிரியக்கமில்லாத இரட்டைப் பிறவியை ஏதோ ஒரு மருந்து நிறுவனம் பல வருடம் முன்பே செய்து, பெரிய அட்டவணை ஒன்றின் நடுவில் புதைத்து வைத்திருக்கலாம். "ட்ரேசர்", "பெட்" என்ற சொற்களை வைத்துத் தேடினால் அது அகப்படாது, கட்டமைப்பை வரைந்துதான் தேட வேண்டும். மருந்து விண்ணப்பங்களில் கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி வரும் பாருங்கள்: கார்பன்-11, ஃப்ளோரின்-18 ஏற்றிய வடிவங்களும் இதில் அடங்கும், அவை பெட் ஆய்வுக்கு உதவும் என்று. யாரும் ஒரு துளிகூடச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லா விண்ணப்பத்திலும் அந்தப் பத்தி உட்கார்ந்திருக்கும், காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அதைத்தான் எடுத்து உங்கள் முன் வைப்பார்.

அப்போது கைகொடுப்பது, நல்ல மருந்தெல்லாம் நல்ல ட்ரேசர் ஆகிவிடாது என்ற உண்மை. அமிலாய்டு ட்ரேசரான பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்-பி இதற்கு நல்ல உதாரணம். தயோஃப்ளேவின்-டி அமிலாய்டைச் சாயமேற்றும் பழைய பொருள்தான், ஆனால் அதில் இருக்கும் நேர்மின்னூட்டத்தால் மூளைக்குள் போகாது. மின்னூட்டத்தை நீக்கியதும் உள்ளே போனது, பிணைப்பும் வலுவானது. இந்த மாதிரி ஒரு வித்தியாசத்தை எண்களோடு, பழைய பொருளையும் பக்கத்தில் வைத்து, விண்ணப்பத்திலேயே காட்டுங்கள்.

நோயறியும் முறையை முதல் கிளெய்மாக வைப்பது

மனித உடலில் செய்யப்படும் நோயறியும் முறைகளுக்கு ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 53-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை, இந்தியச் சட்டமும் அப்படியே. அமெரிக்காவில் எழுதலாம், ஆனால் 2012-க்குப் பிறகு இந்த அளவு இருந்தால் இந்த நோய் என்று வெறும் தொடர்பை மட்டும் சொல்லும் கிளெய்ம் நிற்காது. பொருளை முன்னே வையுங்கள், "இன்ன நோயறிதலில் பயன்படுத்துவதற்கான பொருள்" என்ற வடிவம் ஐரோப்பாவில் செல்லும்.

குறி தப்பாது என்று அடித்துச் சொல்வது

அல்சைமர் நோயில் மூளையில் சேரும் டௌ புரதத்துக்கென்று வந்த டிஎச்கே-5351 என்ற ட்ரேசர் மூளையில் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி நொதியோடும் கணிசமாகப் பிணைகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த நொதியைத் தடுக்கும் செலிஜிலின் கொடுத்தால் படத்தில் சமிக்ஞை இறங்கிவிடுகிறது. "இதை மட்டுமே பற்றிக்கொள்ளும்" என்பதையே உங்கள் கண்டுபிடிப்பின் ஒரே சிறப்பாக எழுதி வைத்திருந்தால், இப்படி ஒரு ஆய்வு வெளிவரும் நாளில் விண்ணப்பத்துக்குக் கால் இருக்காது. உள்ளே போகும் வேகம், வெளியேறும் வேகம், கதிரியக்க அணுவை ஏற்றும் விளைச்சல் என்று வேறு தூண்களையும் நட்டு வையுங்கள்.

"ஏதேனும் ஒரு கதிரியக்க அணு" என்று எழுதுவது

எது, எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.

மரியாதைக்காகக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது

வேண்டாம்.

இருபது வருடத்தை இருபதாகவே எண்ணுவது

விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம், ஆனால் சந்தை திறக்கும்போது அதில் பாதி போயிருக்கலாம். ஒப்புதல் வந்தாலும் காப்பீட்டாளர் பணம் கொடுக்க வேண்டுமே. அமிலாய்டு ட்ரேசர்களில் ஃப்ளோர்பெட்டாபிர் அமெரிக்காவில் 2012 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது, ஃப்ளூட்டமெட்டமால் 2013-இல், ஃப்ளோர்பெட்டாபென் 2014-இல். ஆனால் அமிலாய்டு ஸ்கேனுக்கு அமெரிக்க அரசின் மூத்தோர் காப்பீடான மெடிகேர் 2013-இல் வைத்த கட்டுப்பாடு, ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு ஒருவருக்கு ஒரு ஸ்கேன் என்ற அளவில், 2023 அக்டோபர் வரை நீடித்தது. அத்தனை வருடமும் காப்புரிமைக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதனால் இரண்டாம் அடுக்கை அலட்சியப்படுத்தாதீர்கள். தன் கதிர்வீச்சே தன்னைச் சிதைக்கும் பொருள் இது, அதைத் தடுக்க எத்தனால் எவ்வளவு, அஸ்கார்பேட் எவ்வளவு என்பதும், தானியங்கிக் கருவியில் எந்த வரிசையில் சுத்திகரிப்பது என்பதும் தனி விண்ணப்பத்துக்குத் தகுதியானவையாக இருக்கலாம். ஒப்புதல் கிடைத்தால் கால நீட்டிப்பு கேட்கலாம். அமெரிக்காவில் ஒப்புதல் தேதியிலிருந்து 60 நாளுக்குள், ஐரோப்பாவில் துணைப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு விற்பனை அனுமதி அல்லது காப்புரிமை, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள். இந்தக் கெடு யார் நாட்காட்டியில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள், ஒப்புதல் வாங்கும் ஒழுங்குமுறைப் பிரிவு வந்து சொல்லும் என்று காப்புரிமைப் பிரிவினரும், காப்புரிமைப் பிரிவே பார்த்துக்கொள்ளும் என்று ஒழுங்குமுறைப் பிரிவினரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.